அவருக்கு முழு மாத்திரை, எனக்கு ஏன் பாதி?

மருந்தின் அளவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது மேற்கு மாம்பலத்தில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர் அம்மா பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு 71 வயது, என் வீட்டுக்காரருக்கு 74. இருவருக்கும் சுகர், பிரஷர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இதுவரை இருவரும் சுகருக்கு ஒரே அளவு மெட்ஃபார்மின்தான் சாப்பிட்டோம். போன மாதம் டாக்டர் எனக்கு மட்டும் பாதியாகக் குறைத்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில் இருவருக்குமே கிரியேட்டினின் 1.1. அவர் 72 கிலோ, நான் 43 கிலோ. அவருக்கு முழு மாத்திரை, எனக்கு ஏன் பாதி? சுகர் ஏறினால் அவர் அட்டையிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா? மூட்டு வலி வந்தால் அவருடைய டைக்ளோஃபெனாக்கை நானும் அவ்வப்போது போடுவதுண்டு.
— வாசகி, அம்பத்தூர்

பதில்: அம்மா, வயது, எடை, கிரியேட்டினின் மூன்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். பெரும்பாலான கடிதங்களில் நோயின் பெயர் மட்டும்தான் இருக்கும். இந்த மூன்றும் இருந்ததால் எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. முதலில் ஒன்று: அவர் அட்டையில் கை வைக்க வேண்டாம். டாக்டர் குறைத்தது சரிதான். மாத்திரை இருப்பு இல்லாமல் குறைத்துவிட்டார்களோ என்று என் கடைக்கு வந்து கேட்பவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் காரணம் உங்கள் உடம்பில் இருக்கிறது.

மெட்ஃபார்மினைக் கல்லீரல் உடைத்து அழிப்பதில்லை. ரத்தத்தில் சேர்ந்த மருந்து அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியே போக வேண்டும். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும். ரொம்பத் தேங்கினால் ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் கடுமை.

சரி, இருவருக்கும் கிரியேட்டினின் ஒன்றுதானே என்று கேட்கிறீர்கள். கிரியேட்டினின் நம் தசையிலிருந்து வரும் கழிவு. 72 கிலோ ஆணுக்குத் தசை அதிகம், கழிவும் அதிகம். அவ்வளவையும் வெளியே தள்ளிவிட்டு அவர் ரத்தத்தில் 1.1 நிற்கிறது. உங்களுக்குத் தசை குறைவு, உற்பத்தியாகும் கழிவே குறைவு. அப்படியும் 1.1 நிற்கிறது என்றால் உங்கள் சிறுநீரகம் வெளியேற்றுவது குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் 'நார்மல்' கட்டத்துக்குள் இருப்பதால் இது கண்ணில் படாமல் போய்விடும்.

காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட ஒரு கணக்கு இன்றைக்கும் மருந்தளவு பார்க்கப் பயன்படுகிறது. 140இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்க வேண்டும். கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். பெண்ணுக்கு, வரும் விடையில் 85 சதவீதம் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு: 66ஐ 72ஆல் பெருக்கினால் 4752. அதை 79.2ஆல் வகுத்தால் 60. உங்களுக்கு: 69ஐ 43ஆல் பெருக்கினால் 2967. 79.2ஆல் வகுத்து, 85 சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 32. நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்பது இதன் கணக்கு. அதாவது, அவர் சிறுநீரகம் செய்யும் வேலையில் ஏறக்குறையப் பாதியைத்தான் உங்களுடையது செய்கிறது. சிறுநீரகத்தின் இந்த வேகம் 45க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைப்பதும், 30க்குக் கீழே போனால் நிறுத்துவதும் வழக்கம். உங்களுடையது இடையில் இருக்கிறது, டாக்டர் பாதியாக்கியிருக்கிறார்.

சில லேப் ரிப்போர்ட்டில் சிறுநீரகத்தின் வேகத்தைக் காட்ட இ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள். அது சராசரி உடம்பின் அளவை வைத்துப் போடும் கணக்கு. உங்களைப் போல மெலிந்தவர்களுக்கு அதில் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று பயப்பட வேண்டாம், டாக்டரிடம் இரண்டையும் காட்டுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதிய வரி. டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பிரஷருக்கு டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிட்டு, கூடவே நீர் பிரியும் மாத்திரையும் இருந்து, அதன் மேல் இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால், ஏற்கெனவே 32இல் இருக்கும் சிறுநீரகம் சில நாளிலேயே படுத்துவிடலாம். சித்திரை, வைகாசி வெயிலிலும் வயிற்றுப்போக்கு வந்த நேரத்திலும் இன்னும் மோசம். அதை இன்றோடு விட்டுவிடுங்கள், அம்மா. வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. போடலாம். உங்கள் எடைக்கு, டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளில் நான்கு மாத்திரையைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம், அவருக்கு கிளிமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை இருந்தால் அதைத் தவறியும் எடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, முக்கியமாகக் கிளிபென்கிளமைடு, சர்க்கரையைத் தாழ இறக்கி, மணிக்கணக்கில் அங்கேயே பிடித்து வைத்திருக்கும். வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வரும். வீட்டில் இருப்பவர்கள் வயதானதால் வந்த தடுமாற்றம் என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார்கள்.

இரண்டு டப்பா வாங்குங்கள். வீட்டுக்கு மாத்திரை வந்ததும், தன்னார்வலர் கிளம்பும் முன்பே, அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் அவர் பெயர், உங்கள் பெயர் எழுதிப் பிரித்துவிடுங்கள். பாதி மாத்திரை என்று சொல்லியிருந்தால் அட்டையில் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உடைக்கலாமா என்று மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டு உடையுங்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து சில மாத்திரைகளில் உடைத்தால் ஒரேயடியாக வெளியே வந்துவிடும்.

கேள்வி: என் பையனுக்கு 5 வயது, 17 கிலோ. பாப்பாவுக்கு 8 மாதம், ஏழரை கிலோ. இருவருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். பையனுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பையே பாப்பாவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா சொட்டு மருந்துதான் குழந்தைக்கு 'பவர் கம்மி', அதுதான் நல்லது என்கிறார்.
— வாசகி, பெரம்பூர்

பதில்: அந்த அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நிலைமை நேர்மாறானது. இந்தத் தவறான நம்பிக்கையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப் இரண்டு விதமாக வருகிறது: 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. ஒன்று, 5 மி.லி.க்கு 250 மி.கி. இன்னொன்று. ஆக, 100 மி.கி. மருந்து வேண்டுமென்றால் சொட்டு மருந்தில் 1 மி.லி., 250 சிரப்பில் 2 மி.லி., 125 சிரப்பில் 4 மி.லி. எடுக்க வேண்டும். மூன்று பாட்டிலில் கெட்டியானது சொட்டு மருந்துதான். சின்னக் குழந்தை அதிகம் குடிக்காது, துப்பிவிடும் என்பதற்காகவே கொஞ்சத்தில் நிறைய மருந்து இருக்கும்படி செய்திருக்கிறார்கள். அதைப் 'பவர் கம்மி' என்று நினைத்து 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும். அது பெரியவர்களின் ஒரு முழு மாத்திரை. ஏழரை கிலோ குழந்தைக்கு அது மிக அதிகம், திரும்பத் திரும்பக் கொடுத்தால் கல்லீரல் கெட்டுவிடும்.

குழந்தைக்கு வயதைவிட எடைதான் கணக்கு. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பாப்பாவுக்கு 75 முதல் 110 வரை, பையனுக்கு 170 முதல் 255 வரை. உங்களிடம் இருப்பது 250 சிரப் என்றால் பையனுக்கு 4 மி.லி. கொடுத்தால் 200 மி.கி. ஆகிறது, போதும். பாப்பாவுக்கு அதிலேயே 2 மி.லி. கொடுத்தால் 100 மி.கி. ஆகவே அதே சிரப்பைக் கொடுக்க முடியும், அளவு சரியாக இருந்தால். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். நீங்கள் ஒரு முறை, மாமியார் ஒரு முறை என்று தெரியாமல் இரண்டு முறை கொடுத்துவிடாமல் இருக்க, நேரத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

அளப்பதற்குப் பாலாடையும் வேண்டாம், சமையலறை ஸ்பூனும் வேண்டாம். ஒரு வீட்டு ஸ்பூன் 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். ஊசி போடாத, வாயில் விடும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் மருந்துக் கடையில் கிடைக்கும். கோடு போட்டிருப்பதால் 2 மி.லி. என்றால் 2 மி.லி.தான். சொட்டு மருந்தோடு வரும் டிராப்பரை அந்த மருந்துக்கு மட்டும் வையுங்கள், வேறு பாட்டிலில் போடாதீர்கள். எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியில் போய் நிறுத்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. டெங்கு இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை இபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதையும் காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவு கூடும். நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தரக் கூடாது என்று இந்தியாவில் 2011இலேயே தடை போட்டாயிற்று. பழைய பாட்டில் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடுங்கள். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த மருந்தும் கொடுத்துப் பார்க்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி: எனக்கு தைராய்டு மாத்திரை 100, என் அக்காவுக்கு 50. ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள். இவ்வளவு சாப்பிட்டும் எனக்குத்தான் டி.எஸ்.எச். குறையவில்லை.
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது, எடை, வயது, இதயத்தில் கோளாறு உண்டா என்று பார்த்துத்தான் அளவு. ஒரே தாய் பிள்ளைகள் என்பது இதில் சேராது. ஆனால் அளவைக் கூட்டுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: மாத்திரை போட்டு எத்தனை நிமிடத்தில் காபி குடிக்கிறீர்கள்? டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மாத்திரையை விழுங்கி, உடனே காபியையும் குடித்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இப்படி ஆறு வாரம் சாப்பிட்டுவிட்டு, தைராய்டு மருந்து போதுமா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையை எடுத்துப் பார்த்து, அப்புறம் டாக்டர் அளவைப் பற்றி முடிவு செய்யட்டும்.

கேள்வி: எனக்கு டி.பி. சிகிச்சை நடக்கிறது. 48 கிலோ. தினமும் மூன்று மாத்திரை தருகிறார்கள். அதே மையத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு நான்கு. எனக்குக் குறைவாகக் கொடுப்பதால் குணமாகாமல் போய்விடுமா? கூடவே ஒரு விட்டமின் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், அது தேவையா?
— வாசகர், புளியந்தோப்பு

பதில்: தம்பி, தைரியமாக இருங்கள். உங்கள் மாத்திரை ஒவ்வொன்றிலும் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மி.கி. என்று நான்கு மருந்து சேர்ந்திருக்கும். எடையைப் பார்த்து எத்தனை என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். உங்கள் எடைக்கு மூன்று சரியானதுதான். அவர் 60 கிலோ இருப்பார். சாப்பிடச் சாப்பிட உங்கள் எடையும் ஏறும். ஏறியதும் மையத்தில் சொல்லுங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

விட்டமின் மாத்திரைக்குப் பின்னால் நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு கதை இருக்கிறது. அதை இந்தப் பக்கத்தில் சொல்லக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்றைக்கு இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை எடுத்தவர்களும், சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள் என்று 1959இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க டி.பி. நோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற அது வழி திறந்தது.

அதே மையத்தில், ஐசோனியாசிட்டை எல்லா உடம்பும் ஒரே வேகத்தில் அழிப்பதில்லை என்பதையும் கவனமாகப் பார்த்தார்கள். கல்லீரலில் இருக்கும் ஒரு நொதியைப் பொறுத்து சிலர் சீக்கிரம் அழித்துவிடுவார்கள், சிலர் மெதுவாக. பிறவியிலேயே வருவது இது. நம் பக்கத்து மக்களில் பாதிக்கு மேல் மெதுவாக அழிப்பவர்கள். வாரத்துக்கு ஒரே ஒரு முறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாக அழிப்பவர்களுக்குப் பலன் குறைந்தது. மருந்தளவு கூடியபோது, மெதுவாக அழிப்பவர்களுக்குக் கால் மரத்துப்போவது, பாதம் எரிவது என்று நரம்புத் தொந்தரவு வந்தது. பி6 விட்டமின் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் அது வராமல் தடுக்கலாம் என்றும் அங்கேயே கண்டார்கள். உங்களுக்குக் கொடுத்திருப்பது அந்த பி6தான். விடாமல் சாப்பிடுங்கள்.

தினமும் மாத்திரை சாப்பிடும்போது வேகமாக அழிப்பவர், மெதுவாக அழிப்பவர் என்ற வித்தியாசம் குணமாவதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று நீங்களாகவே இடைவெளி விட்டால்தான் ஆபத்து.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசின் அப்படித்தான் செய்யும். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் சாப்பாடே பிடிக்காமல் போனாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மையத்துக்குப் போங்கள். வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் டி.பி. மாத்திரை சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் பல மருந்துகளைக் கல்லீரலில் வேகமாக அழிக்க வைத்துவிடும். கருத்தடை மாத்திரைகூட அதனால் வேலை செய்யாமல் போகும்.

கேள்வி: இதய வால்வு மாற்று அறுவைக்குப் பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறேன். மாதாமாதம் அளவை மாற்றுகிறார்கள். கீரையே சாப்பிடக் கூடாது என்கிறார்கள் வீட்டில்.
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: இந்த மருந்தில் ஒருவருக்கு 1 மி.கி. போதும், இன்னொருவருக்கு 4 மி.கி. வேண்டியிருக்கும். அழிக்கும் நொதியும், மருந்து போய் வேலை செய்யும் இடமும் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறு. அதனால்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பார்த்துப் பார்த்து மாற்றுகிறார்கள். உங்களுக்கு எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வால்வு என்பதைப் பொறுத்து அது மாறும். கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, திடீரென்று நான்கு நாள் முருங்கைக்கீரை சாப்பிடுவதுதான் கெடுதல். வாரம் இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படர்தாமரைக்கு ஃபுளூகோனசோல் என்று கடையில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். இரண்டுமே ஐ.என்.ஆரை ஏற்றி ரத்தம் கசிய வைக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, புராஸ்டேட் வீக்கம் உண்டு. சளிக்கு நாங்கள் எல்லாரும் போடும் மாத்திரையைத்தான் அவரும் போட்டார். இரவெல்லாம் சிறுநீர் போகவில்லை.
— வாசகர், வேளச்சேரி

பதில்: சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டுமே புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரைக் கட்டும். உங்களுக்குத் தூக்கம் வரும் அளவு, அவருக்குத் தலைசுற்றிக் கீழே விழும் அளவாகவும் ஆகலாம். மறுபடி சிறுநீர் கட்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். சளிக்கு ஆவி பிடித்தல், உப்பு நீர் மூக்குச் சொட்டு போதும். அவருக்கு நடந்ததை மருந்துப் பாதுகாப்பு இலவச எண்ணான 1800-180-3024இல் நீங்களே தெரிவிக்கலாம்.

கேள்வி: எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிவாகியிருக்கிறது. என் தாய்மாமாவுக்குப் பல வருடம் முன்பு குடலிறக்க அறுவை முடிந்தபின் மூச்சே திரும்பாமல், மணிக்கணக்கில் இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். பிறகு நன்றாகிவிட்டார். மயக்க மருந்து அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். நாங்கள் ஆரிய வைசியர். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?
— வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவைக்கு முந்தைய நாள் இரவு வரை காத்திருக்காமல், இந்த வாரமே மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மாமாவுக்கு யாரும் அளவு தப்பிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. தொண்டைக்குள் குழாய் வைப்பதற்காகத் தசைகளைத் தளர்த்த சக்ஸாமெத்தோனியம் என்ற மருந்து கொடுப்பார்கள், மருத்துவமனையில் ஸ்கோலின் என்பார்கள். ரத்தத்தில் இருக்கும் சூடோகோலினெஸ்டெரேஸ் என்ற நொதி அதைச் சில நிமிடங்களில் அழித்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாது. அவர்களுக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சாதாரண அளவு கொடுத்தாலும் மணிக்கணக்கில் தசை அசையாது, தானாக மூச்சு விட முடியாது. அதுவரை இயந்திரம் மூச்சு கொடுத்தால் மருந்து இறங்கி, ஆள் முழுதாகத் தேறிவிடுவார். உங்கள் மாமாவுக்கு நடந்தது இதைப் போலவே இருக்கிறது. இந்தக் குறை உலகில் அபூர்வம். ஆனால் ஆரிய வைசியர் சமூகத்தில் மற்றவர்களைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அந்த நொதியின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தையும் கண்டிருக்கிறார்கள். இந்தக் குறை இருப்பவர்கள் அன்றாடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். இந்த ஒரு மருந்து உடம்பில் ஏறும்வரை தெரியவே தெரியாது.

ஒரு ரத்தப் பரிசோதனையில் அளவு தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் ஸ்கோலினை விட்டுவிட்டு ரோகுரோனியம் போன்ற வேறு மருந்தைக் கொடுப்பார்கள். அறுவையைத் தள்ளிப் போடவே தேவையிருக்காது. மாமாவின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுத்துப் போங்கள்.

அம்மா வழி, அப்பா வழி இரண்டிலிருந்தும் வந்தால்தான் குறை முழுதாகத் தெரியும். சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடும். ஆகவே உங்கள் அம்மாவுக்கும், அம்மாவின் மற்ற உடன்பிறந்தவர்களுக்கும் இதே பரிசோதனையைச் செய்துவிடுங்கள். குறை இருப்பது தெரிந்தவர்கள், 'ஸ்கோலின் தரக் கூடாது' என்று ஒரு அட்டையில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளட்டும். விபத்தில் நினைவில்லாமல் கொண்டுபோனாலும் டாக்டர் கண்ணில் படும்.